வாசனை இல்லாத பிரஷ்

எங்கள் வீட்டில் இட்லி அவித்து ஏழு வருஷம் ஆகிறது. அரிசி இருக்கிறது, உளுந்து இருக்கிறது, கிரைண்டரும் ஓடுகிறது. இட்லித் தட்டுதான் இல்லை. நான்கு தட்டுகளின் குழிகளிலும் என் மனைவி ஆரோக்கிய ராணி, மணப்பெண்களுக்குப் பவுண்டேஷன் ஒற்றும் ஸ்பாஞ்சுகளைக் கழுவிக் காயவைத்திருக்கிறாள். "ஈர ஸ்பாஞ்ச டப்பாவுல போட்டு மூடுனா பூஞ்சை புடிக்கும். இட்லித் தட்டுலதான் அடியில ஓட்ட இருக்கு, காத்து போவும்" என்பது அவள் வாதம். வாதத்தில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அதற்காக ஒரு மனுஷன் ஏழு வருஷமாகத் தோசையே தின்றுகொண்டிருக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

என் பெயர் யாகப்பன். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். நாலாயிரம் வகை நட்டும் போல்ட்டும் வாஷரும் என் பொறுப்பில் இருக்கின்றன. எதைக் கேட்டாலும் இரண்டு நிமிஷத்தில் எடுத்துக் கொடுப்பேன். அப்படிப்பட்டவன் கடலூர் முதுநகரில் என் சொந்த வீட்டில் பனியன் எடுக்க வேண்டுமென்றால் அனுமதி வாங்க வேண்டும். பீரோவில் மூன்று தட்டு மேக்கப் சாமான்களுக்கு. பிரிட்ஜில் முட்டை வைக்கிற இடத்தில் லிப்ஸ்டிக். ஒவ்வொன்றின் அடியிலும் பிளாஸ்திரி ஒட்டி, பிரித்த தேதி எழுதியிருக்கும். மஸ்காரா மூன்று மாசம் தாண்டினால் குப்பைக்குப் போய்விடும், அது எவ்வளவு மீதம் இருந்தாலும். ஒருநாள் என் ஷேவிங் பிரஷ்ஷிலும் தேதி ஒட்டியிருந்தது. மறுவாரம் பிரஷ்ஷையே காணோம்.

பிரஷ்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் விடிந்துவிடும். பவுடர் தொட்ட பிரஷ் க்ரீமைத் தொடக்கூடாது. ஒருத்தி கண்ணுக்குப் போட்டது கழுவாமல் இன்னொருத்தி கண் பக்கம் போகக்கூடாது. குழந்தைகளுக்குப் போடுகிற ஷாம்பூவில்தான் கழுவ வேண்டும். ஈரத்தோடு நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் கீழே இறங்கி உள்ளே இருக்கிற பசை விட்டுப்போகுமாம். அதனால் தலைகீழாகத்தான் தொங்க வேண்டும். எங்கள் மொட்டை மாடிக் கொடியில் ஒரு பக்கம் கிளிப் போட்டு பிரஷ்கள் தலைகீழாகத் தொங்கும். என் வேட்டிக்கு மீதி இருக்கிற இடம்.

காய்ந்த பிறகு கடைசிப் பரீட்சை ஒன்று உண்டு. ஒவ்வொரு பிரஷ்ஷையும் மூக்குக்கிட்ட வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்ப்பாள். ஷாம்பூ வாசனை வந்தால்கூட மறுபடி தண்ணீரில் போடுவாள். "சுத்தமான பிரஷ்ஷுக்கு வாசனையே இருக்கக் கூடாதுங்க" என்பாள். ஏதாவது மணந்தால் அது அழுக்கு, அவ்வளவுதான்.

இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் கல்யாணத்துக்கு மேக்கப் போட்டவள் அதற்கு முன்னால் வேறொரு பெண்ணுக்குப் போட்டிருந்தாள், அந்தப் பெண்ணுக்கு மெட்ராஸ் ஐ. அதே பிரஷ்ஷைத் துடைக்காமல்கூட ராணியின் கண்ணில் இழுத்துவிட்டாள். முகூர்த்தத்துக்கு முந்தின நாளே பந்தல் நலங்கு என்று முகத்தில் பூச ஆரம்பித்துவிட்டதால், மறுநாள் காலை கோயிலில் நிற்கும்போது ராணியின் வலது கண் கோவைப் பழம். பூசை நடுவே பங்குச் சாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பெண்ணுக்கு இந்தக் கல்யாணத்தில் சம்மதம்தானே என்று கேட்டார். ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் இடது பக்கமாகவே திரும்பியிருப்பாள். அன்றைக்கு மனசில் ஒன்று தைத்துவிட்டது அவளுக்கு. தான் தொட்ட முகத்தில் ஒரு பரு, ஒரு அரிப்பு வந்தது என்று எவளும் சொல்லக்கூடாது. பத்து வருஷமாக எவளும் சொன்னதும் இல்லை. அவளுக்கு இருக்கிற ஒரே கர்வம் அதுதான். நகையைப் பற்றியோ அழகைப் பற்றியோ யார் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டு போவாள். சுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போயிற்று.

போன ஆவணியில் வடலூரிலிருந்து ராமாமிர்தம் என்பவர் வீடு தேடி வந்தார். விதைக்கடை வைத்திருக்கிறார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மேலே வெள்ளைத் துண்டு. சன்மார்க்கக் குடும்பம். மூன்று தலைமுறையாக வீட்டில் மாமிசம் ஏறியதில்லை. மகள் இளவரசிக்குச் சிதம்பரத்தில் கல்யாணம். மகள்தான் ராணியைப் பற்றி எங்கோ கேள்விப்பட்டு, இவரைத் துரத்தியிருக்கிறாள். ராணிக்குச் சிதம்பரத்தில் அதுவரை ஒரு கல்யாணமும் கிடைத்ததில்லை. காபியில் இரண்டு தடவை சர்க்கரை போட்டுக் கொண்டுவந்தாள்.

காபி குடித்துவிட்டு மாடியைப் பார்க்க ஏறியவர், கொடியில் தொங்கிய பிரஷ்களைப் பார்த்தார்.

"இது என்ன முடிம்மா?"

எந்த மேக்கப்காரியும் 'நைலான்' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பாள். இவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"பாதி நைலானுங்க. பவுடர் பிரஷ்ஷெல்லாம் ஆட்டு முடி. ஆட்டக் கொல்லறதில்லைங்கய்யா, முடிய மட்டுந்தான் வெட்டுறாங்க."

"ஆட்டக் கேட்டாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கடைசியில் ராணி, உங்கள் மகளுக்கென்று முழுசாக நைலான் பிரஷ்களே புதிதாக வாங்கிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். இருபத்திரண்டு பிரஷ் வந்து சேர்ந்தது. புதுசுதானே, அப்படியே எடுத்துக்கொண்டு போகலாம் என்றேன். என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை முகூர்த்தம். புதன்கிழமை கழுவித் தொங்கவிட்டாள். மாடியின் கிழக்கு மூலையில் கீழ்வீட்டுக் குப்பக்கா நெத்திலி காயப் போட்டிருந்தாள். அவள் சோனாங்குப்பத்துக்காரி, கருவாடுதான் தொழில். இரண்டு பேருக்கும் நடுவே மாடியில் எல்லை உண்டு, ஒரு சண்டையும் கிடையாது. அன்று மத்தியானம் ராணி பூ சொல்ல மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரத்தில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மாடிக்கு ஓடினாள். கொடி காலி.

"ஏம்மா ராணி, எதுக்கு இப்டி ஓடற? எல்லாத்தையும் அள்ளிக்கினு வந்துட்டேன்" என்று கீழே இருந்து குப்பக்கா குரல் கொடுத்தாள். "ஒரு துளி படல. கூடையில போட்டு, மேல கோணிய மூடி வச்சிருக்கேன். காலையில எடுத்துக்க, இப்ப வெளியில ஈரக் காத்து."

ஒரே கூடைதான். நெத்திலியோடு பிரஷ். இதை நாங்கள் இரண்டு பேரும் கண்ணால் பார்த்தோம், அதைத்தான் சொல்ல வருகிறேன். குப்பக்கா நெத்திலிக்கும் பிரஷ்களுக்கும் நடுவே ஒரு துணி விரித்திருந்தாள். ராணி அந்தத் துணி சுத்தமானதா என்று பார்த்தாள். சுத்தமாகத்தான் இருந்தது. குப்பக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். மறுநாள் காலை இருபத்திரண்டையும் எடுத்து, கண்ணை மூடி ஒவ்வொன்றாக மோந்து பார்த்தாள். ஒரு வாசனையும் இல்லை. என்னிடமும் நீட்டினாள். நானும் மோந்தேன். சத்தியமாக ஒரு வாசனையும் இல்லை. துறைமுகத்தை ஒட்டிப் பிறந்து, துறைமுகத்தை ஒட்டியே வாழ்கிற மூக்குகள் எங்களுடையவை. கருவாடு மணக்கும் என்பதே எங்களுக்கு மறந்துபோய்விட்டது. பிரஷ்களைக் கவரில் போட்டு, காற்றுப் புகாமல் அழுத்தி மூடி, பெட்டியில் அடுக்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு மண்டபத்தில் பெண் அறை. பெண், பெண்ணின் பெரியம்மா ராசம்மாள், ராணி மூன்று பேரும் உள்ளே. நான் வாசலுக்கு வெளியே விளக்கு வயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ராணி பெட்டியைத் திறந்து, வெள்ளைத் துண்டு விரித்து, கவர்களைப் பிரித்து, பிரஷ்களை வரிசையாக வைத்தாள். இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

"இங்க ஏதோ செத்துக் கெடக்கு" என்றார் ராசம்மாள்.

கட்டிலை நகர்த்தினோம். பீரோவை நகர்த்தினோம். பீரோவுக்குப் பின்னால் யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பும், ஒட்டடையும்தான் இருந்தன. எலியைக் காணோம். ராசம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ராணிக்கு அந்த ஒட்டடையைப் பார்த்ததும் சுறுசுறுவென்று ஏறிவிட்டது. மண்டப மேனேஜரைக் கூப்பிட்டுவரச் சொன்னாள். பாவம், மணிவண்ணன் என்று ஒரு மெலிந்த ஆள், பினாயில் பாட்டிலோடு ஓடிவந்தார்.

"ஏங்க, நாளைக்கு நாலு பேரு முகத்துல கை வைக்கிற எடம் இது. ஒரு பொண்ணு வாழ்க்க ஆரம்பிக்கிற ரூமுங்க. பீரோவுக்குப் பின்னாடி கூட்டி எத்தன வருசம் ஆவுது? செத்த எலிய வச்சிக்கிட்டு வாடகை வாங்கறீங்களே, உங்க வீட்டுப் பொண்ண இங்க உக்கார வைப்பீங்களா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டு, மன்னிச்சுக்கோங்க மேடம், எதிர் ரூம் தரேன் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. என் பெண்டாட்டி பேசினால் இப்படித்தான் என்று வயரைச் சுருட்டிக்கொண்டு எதிர் அறைக்கு நடந்தேன்.

எதிர் அறையில் பெட்டியை வைத்து, துண்டு விரித்து, பிரஷ்களை அடுக்கினாள். எலியும் கூடவே வந்துவிட்டது.

ராசம்மாள் சாம்பிராணி தேடி வெளியே போனார். அப்போதுதான் இளவரசி மெல்லக் கூப்பிட்டாள்.

"அக்கா, எலி இல்லக்கா. நெத்திலிக் கருவாடு. உங்க பிரஷ்லருந்துதான் வருது."

ராணி ஒரு பிரஷ்ஷை எடுத்து மோந்தாள். இன்னொன்றை மோந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு கூடை ஞாபகம் வந்திருக்க வேண்டும், அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கதவு வழியாக அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த முதுகைப் பார்க்கவே முடியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது.

"ஆமா, நெத்திலின்னு உனக்கு எப்டிம்மா தெரியும்?"

இளவரசி ரூஜ் போடாமலே சிவந்தாள். "ஹாஸ்டல்ல ரூம்மேட்டுக்கு ஊரு பரங்கிப்பேட்டக்கா. ஊருக்குப் போய்ட்டு வந்தா நெத்திலித் தொக்கு கொண்டாருவா. மொதல்ல ஒருவாட்டிதான் தொட்டுப் பாத்தேன். அப்புறம்..." என்று நிறுத்தினாள். "அப்பாக்குத் தெரிஞ்சா உசுர விட்ருவாருக்கா."

இங்கேதான் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். கதவிடுக்கில் தலையை நீட்டி, "ராணி, நீ வாயத் தொறக்காத. எலின்னே இருக்கட்டும். பிரஷ்ஷ எல்லாம் எங்கிட்ட குடு, பஸ் ஸ்டாண்டு பக்கம் வீசிட்டு வரேன். அதுக்குள்ள சாம்பிராணி வந்துரும்" என்றேன். எல்லாருக்கும் நல்லதாக இதைவிட ஒரு வழி யாராவது சொல்ல முடியுமா?

"அந்த மேனேஜர என்னா பேச்சு பேசிட்டேங்க" என்றாள் ராணி. எழுந்து, அந்தத் துண்டோடு பிரஷ்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள்.

ராமாமிர்தம் வாசலில் சந்தனத் தட்டுக்குப் பக்கத்தில் நின்று வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். சுற்றிலும் அவருடைய சொந்தக்காரர்கள், எல்லாரும் வெள்ளை வேட்டி. ராணி நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"அய்யா, ரூமுல எலி இல்லீங்க. நாத்தம் என் பிரஷ்லருந்துதான். கீழ்வீட்டு அக்கா மழைக்குக் கருவாட்டோட சேத்து மூடி வச்சிருந்தாங்க, நாத்தம் ஏறும்னு எனக்குத் தோணல. நான் மோந்துதான் பாத்தேன், எங்களுக்கு அது தெரியாதுங்க. உங்க பொண்ணு முகத்துல இது ஒண்ணும் படல. சத்தியமா படல." அப்புறம் தூரத்தில் பினாயிலோடு நின்ற மணிவண்ணனைப் பார்த்து, "அண்ணே, உங்கள அநியாயமா பேசிட்டேன்" என்றாள்.

சாம்பிராணிப் புகையோடு வந்த ராசம்மாளுக்கு இது காதில் விழுந்துவிட்டது. "கருவாட்டுப் பிரஷ்ஷா? நம்ம வீட்டுப் பொண்ணு முகத்துக்கா?" என்று அவர் கேட்ட குரலுக்கு மேளக்காரர்கள்கூட வாசிப்பை நிறுத்தினார்கள். நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ராணி பத்து வருஷமாகக் கழுவிக் கழுவிச் சேர்த்த பெயர் அந்தத் துண்டு மூட்டையில் மணந்துகொண்டிருந்தது. அவள் கண்ணில் தண்ணீர் நிற்கிறது, துடைக்கக் கை இல்லை. அவளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று பார்த்தேன்.

ராமாமிர்தம் மேளக்காரர்களை வாசிக்கச் சொல்லிக் கை காட்டினார். பிறகு கேட்டார், "உங்களுக்குத் தெரியாதுன்னீங்க. அப்ப கருவாடுன்னு கண்டுபிடிச்சது யாரு?"

பெண் அறை வாசலில் இளவரசி வந்து நின்றிருந்தாள். ராணி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கேட்ட கேள்விக்கு ஆட்டு முடியைக்கூட மறைக்காதவள், என்னைக் கை காட்டினாள்.

"எங்க வீட்டுக்காரருதாங்க."

நூறு பேரும் இப்போது என் மூக்கைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது?

"நீ என்னம்மா சொல்ற?" என்று ராமாமிர்தம் மகளைக் கேட்டார். "சிதம்பரத்துலயே வேற ஆளு கூப்பிடட்டுமா?"

"வேணாம்பா. இவுங்களே போடட்டும். வேற யாரா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாங்க."

ராணி முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு ஆறு தடவை கழுவினாள். ஒவ்வொரு தடவையும் இளவரசிதான் மோந்து பார்த்துச் சரி சொன்னாள். பிரஷ் இல்லை, ஸ்பாஞ்சு இல்லை, எல்லாம் விரலில். பவுடருக்குப் பஞ்சு. கண்ணுக்கு மட்டும் பிரிக்காத ஐலைனர் பேனா ஒன்று பெட்டியில் இருந்தது. ஒரு மணி நேரம் என்னை விளக்கு பிடிக்க விட்டுவிட்டு யாரோடும் பேசாமல் வேலை பார்த்தாள். மேடைக்கு வந்த பெண்ணைப் பார்த்து ராசம்மாளே கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்தார். இவ்வளவு இயல்பாக, பூசினது தெரியாமல் மேக்கப் போட முடியுமா என்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ராணியைச் சுற்றிக்கொண்டார்கள்.

பந்தியில் ராமாமிர்தம் எங்கள் இலைக்கு எதிரே வந்து நின்றார். இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்ட பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"தை மாசம் தம்பி பொண்ணுக்குக் கல்யாணம். நீங்கதான் வரணும். இதே மாதிரி கையாலயே போட்டுடுங்கம்மா, அந்தப் பிரஷ் எதுக்கு?"

சந்தோஷப்பட வேண்டியதுதானே. அவ்வளவு பேர் முன்னால் அழாதவள், பாயசத்துக்கு முன்னால் அழுதாள்.

"பிரஷ் இல்லாமன்னா நான் வரலீங்க" என்றாள். "கைய விட பிரஷ்தாங்க சுத்தம். நான் சுத்தமா வச்சிருப்பேங்க. ஒருவாட்டி தப்பிடுச்சி."

அவர் மோர் ஊற்ற வந்தவரை நிறுத்திவிட்டு யோசித்தார். "சரி, அப்ப முந்தின நாளு வடலூருக்குக் கொண்டாங்க. நான் மோந்து பாக்கறேன். எங்க வீட்டு மூக்கு எதையும் மறைக்காது."

பிரஷ்கள் இப்போது எங்கள் படுக்கையறையில் பேனுக்குக் கீழே காய்கின்றன. மாடிக் கொடி முழுக்க என் வேட்டிக்குத்தான். குப்பக்காவுக்கு விஷயத்தைச் சொல்லி மனசைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று ராணி உத்தரவு. பஸ் ஏறி, தையில் கல்யாணத்துக்கு முந்தின நாள் வடலூர் போனோம். முதலில் சாப்பாடு போட்டார்கள். பிறகு ராமாமிர்தம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு பிரஷ்ஷாக எடுத்து மோந்தார். அவசரமே இல்லை. ராணி எதிரே சுவரோரம் நின்றாள். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக்கூட நான் அப்படி நின்றதில்லை.

கல்யாணத்துக்காக வந்திருந்த இளவரசி உள்ளே வந்தாள். "நீங்க கஷ்டப்படாதீங்கப்பா, மீதிய நான் பாக்கறேன்."

"வேணாம் பாப்பா" என்று ராணி சட்டென்று குறுக்கே வந்தாள்.

"ஏம்மா? அவளும் இந்த வீட்டுப் புள்ளதான" என்றார் ராமாமிர்தம்.

இளவரசி தரையைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். தொக்கு ருசி கண்ட மூக்கின் தீர்ப்பு ராணிக்குப் போதாது என்று அவரிடம் யார் சொல்வது? ராணி மட்டும் அவர் முகத்தைப் பார்த்து, "அது முகம் கொஞ்சம் வாடியிருக்குங்க, சளி புடிச்ச மாதிரி. நீங்களே பாத்துடுங்கய்யா" என்றாள். அவர் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மீதிப் பிரஷ்களை எடுத்தார்.

இருபத்திரண்டையும் முடித்து, துண்டில் வரிசையாகத் திரும்ப அடுக்கி, ராணியிடம் நீட்டினார்.

"சுத்தமா இருக்கும்மா."

அந்த ஒரு சொல்லுக்கு அவள் முகம் இருந்த இருப்பை என்னால் எழுத முடியவில்லை. பத்து வருஷமாக இதையே நான் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருநாளும் அவள் நம்பியதில்லை. எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும், வரவில்லை. மறுநாள் கல்யாணத்தை முடித்துத் திரும்புகிற பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, குறிஞ்சிப்பாடி தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.